தோட்டத்துக் காற்பந்துப் போட்டிக்குப் பாட்டு எழுதுவதற்கு முன் உலகக் கிண்ணப் பாட்டுகளைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியவை

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்து இளைஞர் மன்றச் செயலாளர் கேட்டிருந்தார்: "அண்ணே, மே தினத்துக்கு எங்கள் திடலில் ஒன்பது பேர் ஆட்டப் போட்டி வைக்கிறோம். பக்கத்துத் தோட்டங்களும் டவுன் குழுக்களும் வருகின்றன. போட்டிக்கென்று சொந்தமாக ஒரு பாட்டு வேண்டும் என்று பையன்கள் பிடிவாதமாக இருக்கிறார்கள். உலகக் கிண்ணத்துக்கு அதிகாரப்பூர்வப் பாட்டு, அதிகாரப்பூர்வ கீதம் என்று இரண்டு சொல்கிறார்களே, அது என்ன? எத்தனையோ பாட்டு வந்தும் ஷகிராவின் வாக்கா வாக்கா மட்டும் ஏன் இன்னும் ஓடுகிறது? நாங்கள் எழுதினால் எப்படி எழுத வேண்டும்?"

தம்பி, முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு பாட்டை அதிகாரப்பூர்வம் என்று அறிவிப்பது ஏற்பாட்டுக் குழு. அதை நிற்க வைப்பது திடலைச் சுற்றி நிற்கும் கூட்டம். மொழி தெரியாதவனும் வாய்விட்டுக் கத்தக்கூடிய ஒரு துண்டு பாட்டுக்குள் இருந்தால் கூட்டம் அதைப் பிடித்துக்கொள்ளும். இல்லாவிட்டால் எவ்வளவு பெரிய பாடகர் பாடினாலும் போட்டி முடிந்த மறுவாரம் மறந்துபோகும். இதை மனத்தில் வைத்துக்கொண்டு மற்றதைப் படியுங்கள்.

பாட்டு, கீதம் விஷயம் எளிது. பாட்டு என்பது வானொலிக்கும் ஆட்டத்துக்கும் கொண்டாட்டத்துக்கும். கீதம் என்பது மேடைக்கும் சடங்குக்கும் உரியது, கொஞ்சம் கம்பீரமாக இருக்கும். 1998இல் பிரான்சில் ரிக்கி மார்ட்டின் பாடியது பாட்டு. செனகலின் யூசு என்டூரும் பெல்ஜியத்தின் அக்செல் ரெட்டும் சேர்ந்து பாடியது கீதம். 2002இல் பாட்டு அனஸ்டேசியாவுடையது, கீதம் கிரேக்க இசையமைப்பாளர் வாஞ்செலிஸுடையது, அதில் வரிகளே கிடையாது. எல்லா வருஷமும் இந்தப் பிரிவு ஒழுங்காக இருந்ததில்லை. 2022 கத்தார் போட்டிக்கு ஒரே பாட்டு என்று வைக்காமல் பல பாட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக வெளியிட்டார்கள்.

இவை தவிர இன்னொரு கீதம் இருக்கிறது. ஆட்டக்காரர்கள் வரிசையாகத் திடலுக்குள் நடந்து வரும்போது ஒலிப்பது. உலகக் கிண்ணத்தை நடத்தும் அமைப்பான ஃபிஃபாவின் அந்த இசையை அமைத்தவர் ஃபிரான்ஸ் லாம்பர்ட் என்ற ஜெர்மானியர். 1994 அமெரிக்கப் போட்டியில் பயன்பாட்டுக்கு வந்தது. பாட்டுகள் போட்டிக்குப் போட்டி மாறினாலும் அது பல போட்டிகளில் அப்படியே ஒலித்தது. ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக்குக்கும் இப்படி ஒன்று உண்டு. டோனி பிரிட்டன் 1992இல் அமைத்தது, ஆனால் அடிப்படை ஹாண்டல் 1727இல் இங்கிலாந்து மன்னர் இரண்டாம் ஜார்ஜின் முடிசூட்டு விழாவுக்கு எழுதிய இசை. நள்ளிரவு தாண்டி மாமாக் கடையில் தே தாரிக்கோடு உட்கார்ந்திருப்பவர்கள் அந்தக் கூட்டுப்பாடல் எழும்பியதும் பேச்சை நிறுத்துவதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். சடங்கு இசை செய்ய வேண்டிய வேலை அதுதான்.

மக்கள் குழப்பிக்கொள்ளும் இன்னொரு வகை விளம்பரதாரர் பாட்டு. 2010இல் சோமாலியாவில் பிறந்த கனடியப் பாடகர் கேநான் பாடிய 'வேவிங் ஃபிளாக்' என்ற கொடிப் பாட்டு கொக்கோ கோலாவுடையது, ஃபிஃபாவின் அதிகாரப்பூர்வப் பாட்டு இல்லை. ஆனாலும் பாதிப் பேர் அதைத்தான் அந்த வருஷத்துப் பாட்டு என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அதில் தப்பே இல்லை, அது நல்ல பாட்டு. முதலில் தன் நாட்டுப் போரையும் அகதி வாழ்க்கையையும் பற்றி அவர் எழுதியது. காற்பந்துக்காக வரிகளை மாற்றி மகிழ்ச்சியாக்கினார்கள். கை தூக்கி ஆட்டத் தோதான அந்த இழுவை மட்டும் மாறாமல் நின்றது.

பழைய கதையை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். உலகக் கிண்ணப் பாட்டுகளில் முதலாவதாகப் பொதுவாகச் சொல்லப்படுவது 1962இல் சிலி நாட்டு லாஸ் ராம்ப்ளர்ஸ் குழுவின் ராக் பாட்டு. 1960இல் பெரிய பூகம்பத்தில் அடிபட்ட நாடு, இரண்டே வருஷத்தில் எழுந்து போட்டி நடத்தியது. 1966இல் இங்கிலாந்து சிங்கச் சின்னமான வில்லியைப் பற்றி லோனி டோனகன் பாடினார். 1978இல் அர்ஜென்டினாவுக்கு இத்தாலியின் என்னியோ மோரிக்கோனே இசையமைத்தார். 1982இல் ஸ்பெயினுக்குப் பிளாசிடோ டொமிங்கோ பாடினார். பெரிய பெயர்கள்தான். ஆனால் இன்றைக்கு எந்தத் திடலிலும் இவற்றைக் கேட்க முடியாது.

1990 இத்தாலியில்தான் என்னைப் பொறுத்தவரை திருப்பம். மெட்டு ஜார்ஜோ மொரோடருடையது. இத்தாலிய மொழியில் ஜான்னா நன்னினியும் எடோர்டோ பென்னாட்டோவும் எழுதிப் பாடினார்கள். அதே மெட்டில் ஆங்கிலப் பாட்டும் வந்தது, உலகச் சந்தையை நினைத்து. எது நின்றது தெரியுமா? இத்தாலியப் பாட்டு. ஆங்கிலப் பாட்டைத் தேடித்தான் கேட்க வேண்டும். அந்தப் போட்டியில் இத்தாலி கிண்ணம் வெல்லவும் இல்லை; நேப்பல்ஸில் அரையிறுதியில் அர்ஜென்டினாவிடம் பினால்டியில் தோற்றது. தோற்ற கோடைக்காலத்தின் பாட்டை அந்த நாட்டு மக்கள் இத்தனை வருஷம் பாடுகிறார்கள் என்றால், அந்த நன்னினியின் கரகரத்த குரலும் இரவைக் கூப்பிடும் அந்த வரியும் அவர்களுடைய சொந்த மொழியில் இருந்ததுதான் காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். உங்கள் பாட்டு தமிழில் இருக்கட்டும் என்று சொல்வதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குக் கிடைக்கவில்லை.

1998க்கு வருவோம். ரிக்கி மார்ட்டின் போர்ட்டோ ரிக்கோக்காரர். பாட்டை எழுதியவர்களில் ராபி ரோசாவும் டெஸ்மண்ட் சைல்டும் உண்டு. அதில் கதை எதுவும் கிடையாது. ஊதுகுழல்கள், பிரேசில் பாணி முரசு, 'ஓலே ஓலே', 'அலே அலே' என்று கூட்டம் ஏற்கெனவே ஐரோப்பியத் திடல்களில் கத்திக்கொண்டிருந்த சத்தங்கள். எழுதியவர்கள் புதிதாக எதையும் மக்களுக்குச் சொல்லித்தரவில்லை. ரசிகன் வாயில் இருந்ததை எடுத்து, நேரம் பார்த்து அவனிடமே திருப்பித் தந்தார்கள். அடுத்த பிப்ரவரியில் கிராமி விழா மேடையில் அதைப் பாடித்தான் ரிக்கி மார்ட்டின் அமெரிக்காவில் பெரிய நட்சத்திரமானார். அதற்கு முந்திய 1994 போட்டி அமெரிக்காவிலேயே நடந்தது, டேரில் ஹால் பாடிய தேவாலயச் சாயல் பாட்டு ஒன்று வந்தது. நல்ல குரல்கள், ஆனால் முரசடிக்கும் பையனுக்கு அதில் வேலையே இல்லை.

இப்போது வாக்கா வாக்கா. 2010 தென்னாப்பிரிக்கா. கொலம்பியாவின் ஷகிரா, கூடவே ஃப்ரெஷ்லிகிரவுண்ட் என்ற தென்னாப்பிரிக்கக் குழு. ஆப்பிரிக்காவில் நடக்கும் முதல் உலகக் கிண்ணத்துக்கு வெளியாள் ஏன் பாட வேண்டும் என்று அங்கே முணுமுணுப்பு எழுந்தது, நியாயமான முணுமுணுப்புதான். ஆனால் அந்தப் பாட்டின் உயிர் ஆப்பிரிக்காவுடையது. கேமரூனில் கோல்டன் சவுண்ட்ஸ் என்ற குழு 1986இல் பாடிப் புகழ்பெற்ற 'சங்கலேவா' பாட்டின் பல்லவிதான் அது. குழுவில் இருந்தவர்கள் அதிபரின் மெய்க்காவல் படையைச் சேர்ந்தவர்கள். படைவீரர்கள் நடக்கும்போது ஒருவர் கூப்பிட மற்றவர்கள் திருப்பிச் சொல்லும் முறையில் அந்தப் பல்லவி அமைந்திருக்கிறது. வாக்கா வாக்காவை எழுதியவர்கள் பட்டியலில் அவர்கள் பெயரும் உண்டு. யூடியூபில் 300 கோடி தடவைக்கு மேல் பார்த்திருக்கிறார்கள்.

அந்த வருஷம் இறுதியாட்டம் நமக்கு விடிகாலை 2.30க்கு. டவுனில் திரை கட்டிய கடைகளில் எல்லாம் இடைவேளைக்கு அந்தப் பாட்டுதான். ஆனால் நான் அதைச் சரியாகப் புரிந்துகொண்டது ஒரு தோட்டத் திடலில். ஒலிபெருக்கி என் பொறுப்பு. ஆட்டம் மந்தமாக இருந்தது. சும்மா ஒலிக்கவிட்டேன். கோல்கம்பத்துக்குப் பின்னால் உறுமி மேளப் பையன்கள் தப்பையும் பம்பையையும் மடியில் போட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார்கள். 'சாமினா மினா' என்று பல்லவி வந்ததும் பம்பைக்காரப் பையன் ஒருவன் குச்சியை எடுத்து அந்த இடைவெளியில் மட்டும் தட்டினான். ஷகிரா கூப்பிட, பம்பை பதில் சொல்லிற்று. அடுத்த சுற்றில் வேலியோரம் நின்ற சிறுவர்கள் 'ஏ ஏ' என்று சேர்ந்துகொண்டார்கள். பக்கோடா விற்றுக்கொண்டிருந்த அக்காவும் கரண்டியால் எண்ணெய்ச் சட்டியின் விளிம்பில் தட்டினார். யாருக்கும் ஒரு வரிக்குப் பொருள் தெரியாது. பாட்டில் பதில் சொல்ல இடம் விட்டிருந்தார்கள், அந்த இடத்தில் எல்லாரும் நுழைந்துகொண்டார்கள். பாட்டு முடிந்த பிறகும் பம்பை நிற்கவில்லை, தோட்டத்துப் பெயரைச் சொல்லி அதே தாளத்தில் கத்த ஆரம்பித்துவிட்டார்கள்.

இது நமக்குப் புதுசா என்ன? 'தன்னானே தானே', 'ஏலேலோ ஐலசா' எல்லாம் இதே வேலையைத்தானே செய்கின்றன. நாற்று நடுகிறவர்கள், படகு இழுக்கிறவர்கள், கும்மி அடிக்கிறவர்கள் எல்லாரும் ஒருவர் கூப்பிட மற்றவர் வாங்கிப் பாடியவர்கள்தான். பால்மரம் சீவப் போன நம் பாட்டிகள் இருட்டில் நிரைக்கு நிரை குரல் கொடுத்துப் பாடியிருக்கிறார்கள். கேமரூன் படைவீரர் பாட்டு சுங்கை சிப்புட் பையன் வாயில் இவ்வளவு லேசாக உட்கார்ந்ததற்கு இந்தப் பழக்கமும் காரணம்.

பிறகு வந்தவற்றில் 2014 பாட்டு எனக்கு வருத்தம். பிட்புல், ஜெனிஃபர் லோபஸ், பிரேசிலின் கிளாடியா லெய்ட்டே. போட்டி நடந்தது பிரேசிலில்; உலகத்துக்கே முரசு கற்றுக்கொடுத்த நாடு அது. பாட்டிலோ போர்த்துகீசியம் தொட்டுக்கொள்ளும் அளவுக்குத்தான். பிரேசில்காரர்களே குறைபட்டுக்கொண்டார்கள். 2018இல் ரஷ்யாவுக்கு நிக்கி ஜாம், வில் ஸ்மித், எரா இஸ்ட்ரெஃபி பாடினார்கள், போட்டி நடந்த மண்ணின் வாசனை கொஞ்சமும் இல்லை. கத்தாரின் 'ஹய்யா ஹய்யா' பரவாயில்லை, கூப்பிடுவதற்கு ஏற்ற அரபுச் சொல் ஒன்றாவது தலைப்பிலேயே இருந்தது.

யாரும் கேட்காமல் கூட்டம் தானாக எடுத்துக்கொண்ட பாட்டுகளையும் கவனியுங்கள். 1996 ஐரோப்பியக் கிண்ணத்துக்கு அதிகாரப்பூர்வப் பாட்டு சிம்ப்ளி ரெட் குழுவுடையது. அதை யார் நினைவில் வைத்திருக்கிறார்கள்? இங்கிலாந்து அணிக்காக எழுதிய 'த்ரீ லயன்ஸ்' பாட்டைத்தான் வெம்ப்ளி முழுவதும் பாடியது. அரையிறுதியில் இங்கிலாந்தைப் பினால்டியில் வென்ற ஜெர்மன் ஆட்டக்காரர்கள் கிண்ணத்தோடு ஊருக்குப் போய் அதே பாட்டைப் பாடினார்கள். இன்னொன்று, அமெரிக்காவின் ஒயிட் ஸ்ட்ரைப்ஸ் குழு 2003இல் வெளியிட்ட ராக் பாட்டு. அதன் தொடக்கத்தில் வரும் ஏழு சுரங்களை பெல்ஜியத்தின் கிளப் பிரூஜ் ரசிகர்கள் அதே வருஷம் மிலானில் பாடினார்கள்; பிறகு ரோமா ரசிகர்கள் பிடித்துக்கொண்டார்கள்; 2006இல் இத்தாலி உலகக் கிண்ணம் வென்றபோது தெருவெல்லாம் 'போ போ போ' என்று அதுதான். வரிகளே தேவைப்படவில்லை.

நம் நாட்டுக் கதையும் இப்படித்தான். 1997இல் உலக இளையோர் கிண்ணம் இங்கே நடந்தது. ரிக்கெல்மே, ஐமார் ஆடிய அர்ஜென்டினா ஷா ஆலாமில் உருகுவேயை 2-1 என்று வென்றது. 2007 ஆசியக் கிண்ணத்தை இந்தோனேசியா, தாய்லாந்து, வியட்நாமோடு சேர்ந்து நடத்தினோம். தாய்லாந்துப் பாடகி டாட்டா யங் ஆங்கிலத்தில் பாடியது அதன் அதிகாரப்பூர்வப் பாட்டு. நான்கு நாட்டுக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று செய்தது நாலு பேருக்கும் சொந்தமாகாமல் போயிற்று. ஆனால் புக்கிட் ஜாலில் அரங்கில் மலேசிய ஆட்டம் முடிந்ததும் ரசிகர்கள் எழுந்து நின்று பாடும் 'இனிலா பாரிசான் கித்தா' எந்தப் போட்டிக்கும் எழுதியதில்லை, பழைய தேசபக்திப் பாட்டு. தோற்ற நாளிலும் அதைப் பாடுகிறார்கள். கேட்கும்போது உடம்பு சிலிர்க்கும்.

சரி, உங்கள் பாட்டு. முதல் வேலை, தோட்டத்துப் பெயரைத் தாளத்தில் சொல்லிப் பாருங்கள். நம் ஆட்கள் வைத்த தமிழ்ப் பெயர் ஒன்று இருக்கும், கம்பெனி வைத்த பெயர் ஒன்று இருக்கும். தமிழ்ப் பெயரை எடுங்கள். தோட்டத்து லயத்து வீடுகளை விட்டு டவுன் வீடமைப்புக்கும் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் போய்விட்டவர்கள் போட்டியன்று பிள்ளைகுட்டிகளோடு வருவார்கள். பாதித் தோட்டம் செம்பனையாகிவிட்டது, மீதி வீடமைப்பாகப் போகிறது. அந்தப் பெயரை அவர்கள் பிள்ளைகள் கத்திப் பழகுவதற்கு இதைவிட நல்ல சந்தர்ப்பம் வராது. பெயரை ஒருவர் கூப்பிட வேண்டும், கூட்டம் திருப்பிச் சொல்ல வேண்டும், நடுவே பம்பைக்கு இடம் விட வேண்டும். பல்லவி இதுவே போதும். சரணத்துக்கு நாலு வரி, அதற்கு மேல் வேண்டாம். வெற்றி, வீரம், இலட்சியம் என்று அடுக்காதீர்கள். எந்தப் பள்ளி ஆண்டு விழாவிலும் அதைக் கேட்கலாம். பால் வாளி, அதைத் தோளில் தூக்கும் காண்டாக் கம்பு, மழை பெய்தால் சேறாகும் உங்கள் திடலின் ஒரு மூலை, இவை உங்களிடம் மட்டும்தான் இருக்கின்றன. மலாய்க்காரப் பையன்களும் சீனப் பையன்களும் டவுன் குழுக்களில் ஆடுகிறார்கள், அவர்களும் சேர்ந்து கத்த மலாயில் ஒரே ஒரு வரி வைத்தால் அழகாக இருக்கும்.

மெட்டு ஐந்தாறு சுரத்துக்குள் அடங்க வேண்டும். பாடத் தெரிந்தவன் எட்டும் உச்சத்துக்குக் கூட்டம் எட்டாது. வேகம், வாக்கா வாக்கா நிமிடத்துக்கு 127 தட்டு, கைதட்டிக்கொண்டே குதிக்க அது சரியான அளவு. உறுமிப் பையன்கள் உற்சாகத்தில் வேகத்தை ஏற்றிக்கொண்டே போவார்கள், அதனால் கொஞ்சம் குறைவாகவே தொடங்குங்கள். பதிவு செய்யும்போது ஒன்றை மறக்காதீர்கள்: திடலில் கட்டும் கூம்பு ஒலிபெருக்கியில் கனத்த அடிச்சத்தம் வரவே வராது. கணினியில் பேஸ் ஏற்றிச் செய்த பாட்டு ஹெட்ஃபோனில் அதிரும், திடலில் காற்றாகப் போய்விடும். மனிதக் குரல், பம்பை, கைத்தட்டல், ஜால்ரா இவையெல்லாம் கூம்பில் கணீரென்று கேட்கும்.

வாக்கா வாக்கா மெட்டிலோ சினிமா மெட்டிலோ தமிழ் வரி போட்டு இணையத்தில் ஏற்றாதீர்கள். 1987 பதிப்புரிமைச் சட்டப்படி மெட்டும் வரிகளும் எழுதியவர் இறந்து 50 ஆண்டு வரை பாதுகாப்பில் இருக்கும். ஹாண்டல் 1759இல் இறந்தவர், அவர் மெட்டு பொதுச் சொத்து. டோனி பிரிட்டன் அமைத்ததை எடுக்க முடியாது. யார் கட்டியது என்று தெரியாத நாட்டுப்புற மெட்டு நம்மிடம் கொட்டிக் கிடக்கிறது. கும்மி மெட்டு ஒன்றை எடுத்தாலே போதும். தோட்டத்தில் வயதான பாட்டி யாராவது இருந்தால் பையன்களை அனுப்பி, பால்மரக் காலத்துப் பாட்டைப் பாடச் சொல்லிக் கைப்பேசியில் பதியுங்கள். பாட்டு அமையாவிட்டாலும் அந்தப் பதிவு உங்கள் மன்றத்துக்குச் சொத்து.

போட்டியன்று முதலில் நெகாராகூ. பேராக் மாநில கீதத்தின் மெட்டுதான் நாட்டுக்கே கீதமானது, நம் மாநிலத்தில் போட்டி நடத்துகிறவர்கள் அதைப் பெருமையோடு சொல்லலாம். 1993இல் அதன் வேகத்தைக் கூட்டினார்கள், 2003இல் பழைய கம்பீரத்துக்கே திருப்பினார்கள். ஆகவே புதிய பதிவாகப் பார்த்து எடுங்கள். அதனோடு முரசு, கூச்சல் எதையும் கலக்காதீர்கள், எல்லாரும் அசையாமல் நிற்க வேண்டும். அது முடிந்து குழுக்கள் அணிவகுக்கும்போது உங்கள் பாட்டு. முதல் தடவை ஒலிபெருக்கியில் போட வேண்டாம், தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளை நேரில் பாட வையுங்கள். அவர்கள் பாடினால் தாய்தகப்பன் சேர்ந்து பாடுவார்கள், மதியத்துக்குள் திடல் முழுவதும் பரவிவிடும். இடைவேளைக்கும் கோல் விழும்போதும் பல்லவியை மட்டும் போடுங்கள்.

வரிகளை ஏப்ரல் தொடக்கத்திலேயே அனுப்புங்கள் தம்பி. உறுமிக் குழுவோடு ஒரு மாலை உட்கார்ந்து தாளத்தைச் சரிபார்க்க நானே வருகிறேன்.